சாவிக்கு ஒரு வக்காலத்து

சாவியைத் தேட வேண்டாம், துவாரத்தில் நுழைக்க வேண்டாம், பொத்தானைக்கூட அமுக்க வேண்டாம், பக்கத்தில் வந்து நின்றாலே கார் உங்களைத் தெரிந்துகொண்டு கதவைத் திறந்துவிடும் என்கிற தோரணையில் இப்போது மோட்டார் விளம்பரங்கள் வருகின்றன. படிப்பதற்கு அலிபாபா கதை மாதிரி இருக்கிறது. ஆனால் அலிபாபாவின் குகைகூட வாசலில் நின்றவனிடம் ஒரு வார்த்தை கேட்டது. இந்தக் கார்கள் அந்த ஒரு வார்த்தையும் வேண்டாம் என்கின்றன. தவிர, அந்தக் கதையிலேயே மரத்தின்மேல் ஒளிந்திருந்து வார்த்தையைக் கேட்டுக்கொண்டவன்தான் உள்ளே போய் அள்ளிக்கொண்டு வந்தான் என்பதை விளம்பரம் எழுதுகிறவர்கள் மறந்துவிட்டார்கள்.

நான் இங்கே சாவியின் கட்சி பேசப் போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் சங்கதி எதற்கு என்று கேட்கலாம். யந்திரத்தைப் பற்றி எஞ்சினீயர்கள் பேசட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் காரைச் சுற்றி நிற்கிறார்களே, சொந்தக்காரன், திருடன், அவசரத்துக்கு வண்டி கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரன், விற்பனைக்காரன் என்ற நாலு பேர், அவர்களைப் பற்றி யோசிப்பது என் தொழில். இந்த விஷயத்தில் யந்திரத்தைப் பற்றிப் போட்ட கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மனிதர்களைப் பற்றிப் போட்ட கணக்குத்தான் தப்பு.

முதல் மோட்டார்களைக் கிளப்புவதே ஒரு தேகப்பயிற்சி. முன்னால் நின்று இரும்பு ஹாண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். 1912-ல் காடிலாக் கம்பெனி மின்சாரத்தால் கிளம்பும் வண்டியைக் கொண்டுவந்தது. 1949-ல் கிரைஸ்லர் கம்பெனி, சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும்படி செய்தது. இவையெல்லாம் சௌகரியங்கள்தாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சாவியின் ஒரு திருப்பலில் இரண்டு சங்கதிகள் அடங்கியிருந்தன. 'இந்த வண்டியை எடுக்க எனக்குப் பாத்தியதை உண்டு' என்பது ஒன்று. 'இதோ, இப்போது எடுக்கிறேன்' என்பது இன்னொன்று. முதலாவது ஆளைப் பற்றியது. இரண்டாவது அவன் மனசைப் பற்றியது. இன்றைய கெட்டிக்காரர்கள் முதலாவதையே பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கை நழுவ விட்டுவிட்டார்கள்.

அவர்களைக் கேட்டால் உடனே ஒரு வேதாந்தம் சொல்வார்கள். "சௌகரியம் வேண்டுமானால் பத்திரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், பத்திரம் வேண்டுமானால் சிரமப்பட வேண்டும். இரண்டும் ஒரு வீட்டில் குடியிருக்காது." கேட்க நியாயம்போல் தோன்றும் இந்தப் பேச்சு, சரித்திரத்துக்கு முன்னால் நிற்காது.

1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில், பழைய வண்டி புதிய வண்டி என்று பார்க்காமல், ஸ்டியரிங் பூட்டைச் சட்டப்படி கட்டாயமாக்கினார்கள். சாவியை எடுத்தால் சக்கரம் திரும்பாது, அவ்வளவுதான். சொந்தக்காரனுக்கு அதனால் ஒரு விநாடி நஷ்டம்கூட இல்லை. வழக்கம்போல் சாவியை எடுத்தான், வைத்தான். ஆனால் கார்த் திருட்டு இறங்கிற்று. இறங்கியது வெகு காலம் இறங்கியே இருந்தது. பிறகு இம்மொபிலைசர் என்ற சாதனம் வந்தது. சாவியின் தலைப் பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு சில்லு. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம். சாவி நுழைந்ததும் இரண்டும் ரகசியமாக எண்களைப் பரிமாறிக்கொள்ளும். கணக்குச் சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். வெறும் இரும்பில் அதேபோல் சாவி செய்துகொண்டு வருகிறவனுக்கு ஒன்றும் நடக்காது. 1998-லிருந்து ஐரோப்பிய யூனியனில் புதிய கார்களுக்கு இது கட்டாயம். இதிலும் சொந்தக்காரன் ஒரு விரலைக்கூட அதிகமாக அசைக்கவில்லை.

ஆகவே சௌகரியத்துக்கும் பத்திரத்துக்கும் ஜன்மப் பகை என்பது கட்டுக்கதை. யோசித்துச் செய்தால் இரண்டும் சேர்ந்தே வரும். செலவு செய்ய மனமில்லாதபோதுதான் இந்த வேதாந்தம் பிறக்கிறது.

இனி, சாவி நுழைக்காத காருக்கு வருவோம். அதன் ரகசியம் இதுதான்: நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய ரேடியோ அலையால் "யாரது?" என்று கூப்பிடுகிறது. அந்தக் குரல் ஓரிரண்டு கஜ தூரத்துக்குமேல் எட்டாது. உங்கள் பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டுத் தனக்குத் தெரிந்த ரகசியக் கணக்கைப் போட்டுப் பதில் அனுப்புகிறது. "என் குரல் எட்டியது என்றால் சாவி பக்கத்தில் இருக்கிறது, சாவி பக்கத்தில் இருந்தால் சொந்தக்காரன் பக்கத்தில் இருக்கிறான், சொந்தக்காரன் பக்கத்தில் இருந்தால் அவன் வண்டியை எடுக்க விரும்புகிறான்" என்று கார் தீர்மானித்துவிடுகிறது. மூன்று அனுமானங்கள். மூன்றும் பொய்யாகக் கூடியவை.

2011-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ஸூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் இதைப் பரீட்சை செய்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். 8 கம்பெனிகளின் 10 மாதிரிக் கார்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் காருக்குப் பக்கத்தில் ஒரு கருவியுடன் நிற்பார். இன்னொருவர் சாவி இருக்கும் இடத்துக்கு அருகே ஒரு கருவியுடன் நிற்பார். காரின் குரலை ஒரு கருவி வாங்கி இன்னொன்றுக்கு அனுப்பும்; அது சாவியின் காதில் ஓதும். சாவி பதில் சொல்லும். கார் திறந்துகொள்ளும், எஞ்சினும் கிளம்பும். பத்துக் கார்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பூட்டை உடைக்கவில்லை. ரகசியக் கணக்கையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கணக்கு எத்தனை கடினமாக இருந்தாலும் இதற்குப் பிரயோஜனமில்லை. நடுவிலிருந்த தூரத்தை மட்டும் மறைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் வீட்டு வழக்கில் சொல்வதானால், நடுநிசியில் வாசலில் ஒருவன் நிற்கிறான். காவல்காரன் "யாரது?" என்கிறான். உள்ளே படுத்திருக்கும் எஜமானர் தூக்கத்திலேயே "நான்தான்" என்கிறார். காவல்காரன் கதவைத் திறந்து வாசலில் நின்றவனைக் கும்பிட்டு உள்ளே விடுகிறான். குரல் எஜமானருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதைக் காவல்காரன் கவனிக்கவில்லை. சொந்தக்காரன் குறட்டை விடும்போதும் அவன் சார்பில் பேசுகிற சாவி, என்ன சாவி?

2011-க்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் உடனே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. பெரிய கார்களில் மட்டும் இருந்த இந்த ஏற்பாடு மெல்ல மெல்ல நடுத்தரக் கார்களுக்கும் இறங்கி வந்தது. திருடர்களும் கருவிகளுடன் கூடவே வந்தார்கள். அப்போது சொந்தக்காரர்களுக்குக் கிடைத்த உபதேசம்: "சாவியை வாசல் பக்கம் வைக்காதீர்கள், அலை புகாத உறையிலோ உலோக டப்பாவிலோ போட்டு மூடி வையுங்கள்." பலே! பையிலிருந்து சாவியை எடுக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்று பணம் வாங்கிக்கொண்டார்கள். இப்போது டப்பாவைத் திறந்து சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் சிரமம் உங்களுடையது. டப்பாவுக்கு விலையும் உங்களுடையது.

திருட்டோடு போனால் பரவாயில்லை. வண்டி போனால் இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது. ஆனால் சாவியைத் திருப்புவது கிளப்புவதற்கு மட்டும் அல்ல, நிறுத்துவதற்கும்தான். சாவியைக் கையில் எடுத்தால் எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை விரல்கள் அறியும். மூளைக்கு வேலையே இல்லை. இப்போது சாவி பையிலேயே கிடக்கிறது. எஞ்சினோ சத்தமில்லாமல் ஓடுகிறது. அமெரிக்காவில் பல வீடுகளில் கார் ஷெட் வீட்டோடு ஒட்டியிருக்கும். வண்டியை உள்ளே விட்டு, பொத்தானை அமுக்க மறந்து, வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டவர்கள் உண்டு. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைட் வாயு இரவெல்லாம் வீட்டுக்குள் பரவும். 2006-லிருந்து இப்படி 28 பேர் இறந்துபோனதாக 2018-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கணக்கெடுத்து எழுதிற்று. அவர்களில் வயதானவர்கள் பலர். கடைசியில், கார் தானாகவே அணைந்துபோகும்படி விதி செய்யுமாறு 2021-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்திலேயே எழுத வேண்டி வந்தது. ஒரு விநாடிச் சௌகரியத்துக்கு இந்த விலை அதிகம் என்று சொல்வதற்கு எஞ்சினீயர் பட்டம் வேண்டாம்.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத கிழவருக்குச் சாவி திருப்புவது கஷ்டம். கொட்டுகிற மழையில் இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக நிற்கும் பெண்ணுக்குச் சாவியைத் தேடுவது கஷ்டம். அவர்களைப் பார்த்து "கஷ்டப்படு, பத்திரமாக இரு" என்று சொல்ல எனக்கு மனம் வராது. சொன்னாலும் பலிக்காது. 1974-ஆம் வருஷத்து மாதிரி அமெரிக்கக் கார்களில், முன் ஸீட்டில் இருப்பவர்கள் பெல்ட் மாட்டிக்கொண்டாலொழிய எஞ்சின் கிளம்பாது என்று ஏற்பாடு செய்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் ஸீட்டில் மளிகைப் பையை வைத்தாலும் அதற்கும் பெல்ட் மாட்டு என்று வண்டி அடம் பிடித்தது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், பலர் கம்பியை அறுத்துவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அப்படிப்பட்ட ஏற்பாட்டைச் சர்க்கார் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. மனிதனை இம்சிக்கிற பத்திரம் நிலைக்காது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒப்புக்கொண்டதும் எதிர்க்கட்சிக்காரர்கள் குதித்து இன்னொரு மூலைக்குப் போய்விடுகிறார்கள். "சாவியே வேண்டாம், உங்கள் உடம்பே சாவி. அதைத் தேட வேண்டாம், தொலைக்க முடியாது, திருட முடியாது" என்கிறார்கள். 2021-ல் வந்த ஜெனிசிஸ் ஜி.வி. 60 என்ற கொரியக் கார், முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும்; விரல் ரேகையைப் பார்த்துக் கிளம்பும். கேட்க அழகாக இருக்கிறது. திருட முடியாது என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

2005-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மலேசியாவில், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் நடந்தது இது. கணக்கர் ஒருவரிடம் விரல் ரேகையால் கிளம்பும் மெர்ஸிடிஸ் கார் இருந்தது. திருடர்கள் அவரை மடக்கி வண்டியைப் பிடுங்கினார்கள். வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளப்ப அவர் விரல் வேண்டும் என்று தெரிந்தது. ஆகவே அவருடைய ஆள்காட்டி விரலின் நுனியை வெட்டி எடுத்துக்கொண்டு, அவரைச் சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அது சாதாரண இரும்புச் சாவியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? எடுத்து நீட்டியிருப்பார். கார் போயிருக்கும்; விரல் இருந்திருக்கும்.

இப்போதைய கருவிகள் உயிருள்ள விரலா என்று சோதித்துத்தான் ஏற்கின்றன என்று இதற்குப் பதில் சொல்கிறார்கள். இருக்கலாம். அது கருவிக்குத் தெரிந்தால் போதுமா? கத்தியை வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்! அவன் கம்பெனியின் விளக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டா வருகிறான்? வெட்டிப் பார்த்த பிறகு பிரயோஜனமில்லை என்று அவன் தெரிந்துகொள்வதில் நமக்கு என்ன லாபம்?

உடம்பு சாவியாவதில் இன்னொரு சங்கடம், அதை இரவல் கொடுக்க முடியாது என்பது. நடுராத்திரியில் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்கிறது. அவருடைய மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டால் ஓடி வருவான். ஆணியில் சாவி தொங்கினால் அவன் எடுத்துக்கொண்டு கிளம்புவான். முகத்தைத்தான் பார்ப்பேன் என்று கார் அடம் பிடித்தால், நினைவு தப்பிக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவதா? அந்தக் காரிலும் மாற்றுவழி உண்டு என்பார்கள். இருக்கட்டும். நடுராத்திரியில் கைகொடுப்பது அந்த மாற்றுவழிதான் என்றால், அதுவே முதல் வழியாக ஏன் இருக்கக் கூடாது? தவிர, சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். ரேகை களவு போனால் மாற்றுவதற்கு வேறு விரல்களைக் கடவுள் கொடுத்திருப்பது பத்துக்குள்தான்.

இத்தனை நூதனங்களுக்கு நடுவே, மிகச் சாதாரணமான பாதுகாப்பைக்கூடச் செய்யாமல் விட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. கனடாவில் 2007-லிருந்து உண்டு. ஹ்யூண்டாய், கியா கம்பெனிகள் கனடாவில் விற்ற கார்களில் அதை வைத்தன; அமெரிக்காவில் விற்ற பல மலிவான கார்களில் வைக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு மாதிரிகளில் மற்றக் கம்பெனிகளின் கார் வகைகளில் 100-க்கு 96-ல் அது இருந்தது. இவர்களுடைய வகைகளில் 100-க்கு 26-ல்தான் இருந்தது. 2022-ல் இந்தக் கார்களை எப்படிக் கிளப்புவது என்று சிறு பையன்கள் டிக்டாக்கில் படம் பிடித்துக் காட்டினார்கள். டெலிபோனுக்கு மின்சாரம் ஏற்றும் கம்பியின் முனையே அதற்குப் போதுமாக இருந்தது. அந்த அக்டோபரில் பஃபலோ நகரத்தில், களவாடிய கியா காரில் போன இளவயதுப் பிள்ளைகளில் நாலு பேர் விபத்தில் இறந்தார்கள். இந்தத் திருட்டு மோகத்தால் 14 விபத்துக்களும் 8 சாவுகளும் தெரியவந்திருப்பதாக 2023 பிப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா சொல்லிற்று. அப்புறம்தான் 83 லட்சம் கார்களுக்கு நிவாரணம் செய்ய ஏற்பாடு நடந்தது. அதோடு ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புத் தடியும் இலவசமாகக் கொடுத்தார்கள். நூற்றாண்டு கால முன்னேற்றம் ஒரு தடியில் வந்து நின்றது!

ஒரே கம்பெனி, ஒரே காலம். எல்லைக்கு வடக்கே முடிந்தது தெற்கே ஏன் முடியவில்லை? விஞ்ஞானம் எல்லையில் நின்றுவிடவில்லை. சட்டம்தான் நின்றது. ஆகையால்தான் "சௌகரியமா, பத்திரமா" என்ற கேள்வியையே நான் சந்தேகிக்கிறேன். யாருக்குச் சௌகரியம், யார் தலையில் விலை என்பதே சரியான கேள்வி.

சரி, என்னதான் வேண்டும் என்கிறீர்களா? அசாத்தியமானது ஒன்றும் இல்லை. முதலாவது, வண்டி கிளம்புமுன் நான் வேண்டுமென்றே செய்கிற காரியம் ஒன்று இருக்க வேண்டும். சிறியதாக இருக்கட்டும், ஆனால் தூக்கத்தில் செய்ய முடியாததாக இருக்கட்டும். ஒரு பொத்தான் போதும். அல்லது நாலு இலக்க எண் போதும். 2018-ல் டெஸ்லா கார்களில் அப்படி எண் போட்டுக் கிளப்பும் வசதி வந்தது. பாங்க் யந்திரத்தின் முன்னால் நாலு எண்ணை முணுமுணுப்பில்லாமல் அமுக்குகிற ஜனங்கள், கார் விஷயத்தில் மட்டும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விரல் மடங்காத கிழவருக்கும் மழையில் நிற்கும் தாய்க்கும் சாவி பையிலேயே இருந்துதான் ஆக வேண்டும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. 2019-ல் ஃபோர்டு கம்பெனி, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் தூங்கிப்போய்விடும் சாவியைக் கொண்டுவந்தது. இன்னும் சில கார்கள், பதில் வருவதற்குப் பிடித்த நேரத்தை வைத்தே சாவி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று அளந்துவிடுகின்றன. விநாடியில் 100 கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ரேடியோ அலை போகும் தூரம் ஓர் அடிதான். நடுவில் இருவர் நின்று அஞ்சல் செய்தால் அந்தத் தாமதமே காட்டிக்கொடுத்துவிடும். இவையெல்லாம் இன்று கிடைக்கிற சரக்கு. விலை உயர்ந்த வண்டிக்கு அலங்காரமாக வைக்காமல் எல்லா வண்டிக்கும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, நம்பகமானவனிடம் நான் இரவல் கொடுக்கக் கூடியதாகவும், கத்தியைக் காட்டுகிறவனிடம் நான் விட்டெறியக் கூடியதாகவும் சாவி இருக்க வேண்டும். மூன்றாவது, நான் இறங்கிப் போன பிறகு வண்டி தானே அணைந்துவிட வேண்டும்.

நீங்கள் அடுத்த முறை கார் வாங்கப் போகும்போது விற்பனைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் தூங்கும்போது இந்தச் சாவியும் தூங்குமா? திருடன் கேட்டால் என் உடம்பில் ஒன்றையும் இழக்காமல் இதை அவனிடம் கொடுக்க முடியுமா? மறந்துபோய் உள்ளே போய்விட்டால் இந்த எஞ்சின் தானாக நிற்குமா? மூன்றுக்கும் அவர் நேராகப் பதில் சொன்னால் வாங்குங்கள். பதில் சொல்லாமல் ஸீட்டுக்குப் போட்டிருக்கும் தோலின் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.